கோதுமை படாத கட்டுச்சோறு

என் மகளுக்குக் கோதுமை ஆகாது. மைதா, ரவை, சேமியா, பிஸ்கட், பன், எதுவும் ஆகாது. தெரியாமல் கொஞ்சம் உள்ளே போனாலும் வயிறு உப்பிக்கொள்ளும். வாந்தி எடுப்பாள். இரண்டு மூன்று நாள் சுருண்டு படுத்துவிடுவாள். அடையாறில் ஒரு டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த வியாதிக்கு ஒரு பேரும் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், அந்தப் பேர் எனக்கு வாயில் நுழையவில்லை. யாராவது கேட்டால் கோதுமை ஆகாத உடம்பு என்று மட்டும் சொல்லுவேன். அதைச் சொல்லவும் எனக்குக் கூச்சம்தான்.

நான் வேலை செய்வது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில். வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போன புடவைகளைத் திரும்ப மடித்து அடுக்குவது என் வேலை. அதற்குப் பேச்சு தேவையில்லை என்பதால்தான் இத்தனை வருஷம் அதிலேயே இருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் கூட மடிக்கிறவன் சிரித்தான்.

"இன்னா நைனா, பணக்கார வியாதியா பாத்து வாங்கினு வந்துகீற. சோறு துன்றவங்கதானே நாம? சோத்தப் போடு, மேட்டர் முடிஞ்சுது."

வீட்டைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. என் மனைவி நொச்சிக்குப்பம் ரோட்டோரத்தில் மீன் விற்கிறாள். விடியும் முன்னே ஏலத்துக்குப் போய்விடுவாள். எனக்குக் கடை திறக்க நேரமிருப்பதால் காலைச் சமையல் என்னுடையது. சோறு, மீன் குழம்பு, முட்டை, பூண்டு ரசம். இதில் கோதுமைக்கு எங்கே இடம்? மகள் தேறினாள். கன்னத்தில் சதை வைத்தது. பள்ளிக்கூட நாளிலும் சோறுதான், மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிற தூரம்தான்.

தொல்லையெல்லாம் வெளியே போகிற நாளில் வந்தது.

வெளியே போகிற பிள்ளைகளுக்கு இந்த ஊர் கொடுப்பது என்னவென்று அதுவரை நான் கவனித்ததே இல்லை. பஸ்ஸில் ஏறினால் பிஸ்கட். இறங்கினால் சமோசா, பப்ஸ். மதியத்துக்குச் சப்பாத்தி உருட்டி வைத்திருப்பார்கள். பசி தாங்காத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை அன்பாக நீட்டுவது கேக் துண்டு. இவ்வளவையும் தாண்டி என் மகள் ஒரு பகல் முழுவதும் இருந்துவிட்டு வர வேண்டும். அவள் கையில் நான் கொடுத்தனுப்பும் டப்பா ஒன்றுதான் அவளுக்குத் துணை.

மீன் வறுவலும் சோறும் கட்டிக் கொடுத்தால் அவளும் சந்தோஷமாகச் சாப்பிடுவாள், எனக்கும் கவலை இல்லை. ஆனால் பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்ஸில் மீனும் முட்டையும் கூடாது என்று வகுப்பு மிஸ் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தார். வாடை வருமாம், சில பிள்ளைகளுக்குக் குமட்டுமாம். சரி என்று விட்டுவிட்டேன். தயிர்ச் சோறு வெயிலில் புளித்துப் போகும். சாம்பார்ச் சோறு குழகுழவென்று ஊசிப்போகும். கெடாத சோறு என்றால் இங்கே எல்லாரும் சொல்வது புளிச்சோறு. எங்கள் வீட்டில் அதைச் செய்கிற வழக்கம் இல்லை. எனவே மயிலாப்பூரில் ஒரு மாமி வீட்டிலேயே புளிக்காய்ச்சல் செய்து பாட்டிலில் விற்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போய் வாங்கினேன்.

அந்த மாமியிடம் வாங்கியதற்குக் காரணம் உண்டு. அவரைவிடச் சுத்தமாக ஒருவர் சமைக்க முடியாது. குளித்து, ஈரத்துணி கட்டிக்கொண்டுதான் அடுப்பைத் தொடுவார். வெங்காயம் பூண்டு அந்த வாசற்படி ஏறாது. நான் வாசலில் நின்றுதான் வாங்குவேன், பாட்டிலை ஜன்னல் திட்டில் வைப்பார். இவ்வளவு சுத்தமான இடத்தில் எதுவும் தப்பாகப் போய்விடாது என்று நினைத்தேன். கடையில் தேடித் தேடி வாங்கினவர்கள்கூட இதைவிட நல்லதை வாங்கியிருக்க முடியாது என்று எனக்குள் ஒரு நிம்மதி.

முதல் தடவை கிண்டி பூங்காவுக்குப் போனார்கள். அன்று சாயங்காலம் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது தடவை வண்டலூர். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே வாந்தி. பள்ளி வாசலில் அழைத்துப்போக நின்ற என்னைப் பார்த்து டிரைவர் திட்டினார்.

"இன்னாய்யா பொண்ண வளத்து வெச்சிகீற. கண்டதயும் துன்னுட்டு வண்டி பூரா எட்த்து வெச்சிருக்கு."

நான் ஒரு வாளி கேட்டு வாங்கி, தண்ணீர் பிடித்து, பஸ்ஸைக் கழுவிவிட்டேன். கழுவுகிற சத்தத்தில் அழுகிற பிள்ளையின் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சின்ன வயது. மரியாதையாகத்தான் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கப்பா. அடுத்த தடவ பாப்பாவ வீட்லயே வெச்சிக்கங்க. எனக்கு நாப்பது பசங்க. ஒருத்தியவே பாத்துட்டு இருக்க முடியாது."

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு விசாரணை. மனைவி மீன் கூடையைக்கூட இறக்கவில்லை.

"யார் கைல இன்னா வாங்கித் துன்ன? நெசத்த சொல்லு."

"ஒண்ணும் துன்னலம்மா. அப்பா குட்த்த சோறுதான்."

"சோறு துன்னா வவுத்த வலிக்குமாடி? டாக்டர் இன்னா சொன்னாங்க? சோறு ஒண்ணும் பண்ணாதுன்னாங்களா இல்லையா?"

அடையாறு டாக்டரம்மாவும் அப்படித்தான் சொன்னார். அரிசி ஒன்றும் செய்யாது, புளியும் செய்யாது, யாரோ பிஸ்கட் கொடுத்திருப்பார்கள், குழந்தைகள் பயத்தில் மறைப்பது சகஜம் என்றார். மகள் என் பின்னால் நின்றுகொண்டு என் சட்டையைப் பிடித்திருந்தாள். பிடித்த பிடி தளரவே இல்லை.

நான் அவளை நம்பினேன். நம்பி என்ன செய்ய? அவள் சொல்லைத் தவிர வேறு எந்தச் சாட்சியையும் என்னால் காட்ட முடியவில்லை. டாக்டர், மிஸ், டிரைவர், பெற்ற தாய் எல்லோரும் ஒரு பக்கம் நிற்க, நான் இந்தப் பக்கம் நின்றேன், அதுவும் வாயை மூடிக்கொண்டு. அவள் திருட்டுத்தனமாகத் தின்கிற பிள்ளை என்று வகுப்பில் பேராகிவிட்டது. பக்கத்தில் உட்காருகிற பிள்ளை இடைவேளையில் தீனி டப்பாவைத் திறக்கும்போது கையால் மறைத்துக்கொள்கிறதாம். இதை மகள் அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பள்ளியில் மாமல்லபுரம் போகிறார்கள் என்று மறுபடி செய்தி வந்தது. மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போக ஆசையா என்று கேட்டேன். "மிஸ் இஸ்துனு போமாட்டாங்கப்பா" என்றாள். ஆசை இல்லை என்று சொல்லவில்லை.

அந்த வாரம் என் விடுமுறை நாளில் மாமி வீட்டுக்குப் போனேன். மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றித் தகரத் தடுப்போரமாக நடந்து போகும்போதே, எப்படிக் கேட்பது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துபோனது.

"என்னப்பா, இன்னொரு பாட்டிலா?"

"இல்ல மாமி. அந்தப் புளிக்காய்ச்சல்ல... கோதுமை கீதுமை எதாச்சும்..."

மாமி முகம் மாறிவிட்டது.

"கோதுமையா? எதுக்குடாப்பா கோதுமை? கெட்டியா வரட்டும்னு மாவு கரைச்சு விடறேன்னு நெனச்சியா? கடைக்காரா பண்ணுவா அதெல்லாம். எங்காத்துல புளி, நல்லெண்ணெய், மொளகா, வெந்தயம், கடலப்பருப்பு, வேர்க்கடல, மஞ்சப்பொடி, பெருங்காயம். அவ்வளவுதான். பெருங்காயம்கூட பொடி இல்ல, கட்டி. எண்ணெயில பொரிச்சு நானே பொடி பண்ணிண்டு போடறேன். கைய வெச்சுச் சொல்லச் சொல்றியா?"

"இல்ல மாமி, பொண்ணுக்கு..."

"கொழந்தைக்கு ஆகலேன்னா நீ சுடு சாதத்துல பெசஞ்சு மூடியிருப்ப. ஆறவெச்சுக் கலக்கணும். என் சரக்குல குத்தம் சொல்லாதே."

ஜன்னல் சாத்திக்கொண்டது. அவர் கோபப்பட்டது நியாயம்தான். நான் கேட்டது ஒன்று, அவர் காதில் விழுந்தது சுத்தத்தைப் பற்றிய சந்தேகம். ஆனால் அவர் சொன்ன சாமான்களை மட்டும் வழியெல்லாம் மனதில் உருப்போட்டபடி கோயில் குளத்துக்குப் பக்கத்து மளிகைக்கடைக்கு வந்தேன். அதில் வீட்டில் நாங்கள் சாப்பிடாதது எது என்று யோசித்தேன். புளி தினமும் குழம்பில் போகிறது. வெந்தயம் போகிறது. கடலைப்பருப்பு போகிறது. பெருங்காயம் மட்டும்தான் எங்கள் வீட்டில் கிடையாது. மீன் கழுவுகிற வீட்டில் வாசனைக்குப் பூண்டுதான், பெருங்காயம் வாங்கியதே இல்லை.

கல்லாவில் இருந்தவரிடம் கேட்க ஆள் குறையும் வரை காத்திருந்தேன்.

"அண்ணாச்சி, இந்தக் கட்டிப் பெருங்காயம் எதுல செய்யறாங்க?"

"ஏன், நீங்க செய்யப் போறீயளா?"

பக்கத்தில் பொட்டலம் கட்டுகிறவர் சிரித்தார். நான் திரும்பிப் போயிருப்பேன். கால் அப்படித்தான் திரும்பியது. மகள் பிடித்த சட்டையின் கசங்கல் நினைவுக்கு வந்து நின்றேன்.

"பொண்ணுக்குக் கோதுமை ஆகாது அண்ணாச்சி. அதான்."

அவர் சிரிப்பை விட்டுவிட்டார். "அப்பம் இது ஆகாதே. பெருங்காயம்ங்கது ஒரு செடி வேருல வடியுத பாலு. அப்படியே நாக்குல வச்சா எரிஞ்சு போவும். அதனால மாவு போட்டுப் பிசைஞ்சுதான் கட்டியாக்குவாவ. பாலு கொஞ்சம், மாவு மிச்சம்."

"இன்னா மாவு?"

"மைதாதான். அரிசி மாவுல போடுதவனும் உண்டுங்காவ. நம்மகிட்ட இருக்கது பூரா மைதா."

காரணம் கிடைத்துவிட்டது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். மாமி பொய் சொல்லவில்லை. டாக்டர் பொய் சொல்லவில்லை. கடைக்காரர் ஒளிக்கவில்லை. எல்லாருக்கும் அவரவர் பங்கு தெரிந்திருந்தது. நடுவில் ஒரு பிள்ளை பொய் சொல்கிறவளாக ஆகிவிட்டாள். நான் காசு கொடுத்து வாங்கி, என் கையால் கட்டிக் கொடுத்த சோறு அது. தெருமுனைவரை மணக்கிறதே என்று பெருமையாகக் கட்டினேன்.

அதற்குப் பிறகு பார்த்தால் பெருங்காயம் இல்லாத இடமே இல்லை. முறுக்கில் இருக்கிறது. மிக்சரில், ஊறுகாயில், இட்லிப்பொடியில், அப்பளத்தில் இருக்கிறது. கையில் கொண்டுபோகத் தோதானது என்று ஜனங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் அத்தனையிலும் அது இருக்கிறது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு மடியில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ், அந்த வீட்டாண்ட போய் எதுக்குய்யா வாங்கின? நம்ம ஊட்டுப் பூண்ட வெச்சி ஒரு புளிச்சோறு செய்யத் தெரியாதா?"

திட்டு எனக்குத்தான், ஆனால் அவள் கை மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மிஸ்ஸிடம் பெருங்காயத்தைச் சொன்னேன். அவர் நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"பெருங்காயத்துலயா? நான் கேள்விப்பட்டதே இல்லப்பா. இந்தத் தடவ எல்லாருக்கும் நாங்களே சாம்பார் சாதம், தயிர் சாதம் ஏற்பாடு பண்ணிருக்கோம்."

"அதுலயும் இருக்கும் மிஸ். சாம்பார்லயும் இருக்கும், தயிர் சாதம் தாளிக்கிறதுலயும் போடுவாங்க. நான் கட்டிக் குடுக்கிறேன்."

"அப்போ நீங்களும் கூட வந்துடுங்களேன்."

ஆடித் தள்ளுபடி நடக்கிற நேரம். புடவைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன, சூப்பர்வைசர் சாப்பிடவே விடுவதில்லை. வர முடியாது என்றேன். அப்படியானால் பார்க்கலாம் என்று மிஸ் திரும்பினார். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குத் தெரியும். அது இல்லை என்பதுதான்.

"மிஸ்" என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரி இருந்தது. "ரெண்டு தடவையும் எம் பொண்ணு யார் கையிலயும் வாங்கிச் சாப்புடல மிஸ். நான் குடுத்ததத்தான் சாப்புட்டா. நான் குடுத்ததுலதான் இருந்துது. அவள கிளாஸ்ல எல்லாரும் திருட்டுத் தீனின்றாங்க. அவ கேட்டது ஒண்ணுமில்ல மிஸ், எல்லாரோடவும் ஒக்காந்து ஒரு வேள சாப்புடணும். அவ்ளோதான்."

மிஸ் திரும்பிப் பார்த்தார். "சரிப்பா. அனுப்புங்க. போன் பண்ணா எடுங்க."

மாமல்லபுரம் போகிற அன்று விடியும் முன்பே எழுந்து சோற்றை வடித்துத் தாம்பாளத்தில் கொட்டி ஆறவைத்தேன். மாமி சொன்ன அந்த ஒன்று மட்டும் உபயோகமான பாடம். நல்லெண்ணெயில் பூண்டைப் பொன்னிறமாக வறுத்து, மிளகாயும் வேர்க்கடலையும் போட்டு, புளியைச் சுண்டவிட்டேன். வாழை இலையைத் தணலில் வாட்டி, அதில் சோற்றை வைத்து மடித்து டப்பாவில் வைத்தேன். மடிப்பு மட்டும் எனக்கு எப்போதும் சரியாக வரும். பக்கத்தில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மனைவி ஏலத்துக்குப் போகும் முன் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

கடையில் அன்று முழுவதும் போனைச் சட்டைப்பையில் வைத்து, அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே மடித்தேன். கூட இருந்தவன், "இன்னா நைனா, நெஞ்சு வலியா?" என்று கேட்டான். போன் வரவில்லை. சூப்பர்வைசரிடம் கெஞ்சிச் சாயங்காலம் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினேன்.

பஸ் வந்தது. மகள் மற்ற பிள்ளைகளோடு நடந்து இறங்கினாள். வயிற்றைப் பிடிக்கவில்லை, முகம் வெளுக்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பையை வாங்கினேன். வாங்கியதும் கை சொல்லிவிட்டது. காலையில் கொடுத்த அதே கனம்.

"சாப்புடலயா?"

தலையை ஆட்டினாள்.

"ஏம்மா? மிஸ் வேணாம்னாங்களா?"

"இல்லப்பா. எல்லாரும் துன்னாங்க, நான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன். தொறக்கல. அங்க வவுறு வலிச்சா அப்பறம் எப்பவும் இஸ்துனு போமாட்டாங்க இல்ல."

காலையிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. கடற்கரை வெயிலில் கோயில் கோயிலாக நடந்திருக்கிறாள். மிஸ் பார்க்கவில்லையா என்று கேட்க நினைத்தேன். நாற்பது பேரில் யாரைப் பார்ப்பார்? வாந்தி எடுக்கிற பிள்ளை கண்ணில் படும். பட்டினி கிடக்கிற பிள்ளை சமர்த்தாக இருந்தது என்று பேர் வாங்கும். எனக்கு அங்கேயே நின்று கத்த வேண்டும் போலிருந்தது. எதைப் பார்த்துக் கத்துவது? இத்தனை பேரிடம் பேசி, எல்லாவற்றையும் சரிசெய்து அனுப்பினேன் என்று நினைத்தேனே. பயத்தை எடுக்க எனக்குத் தெரியவில்லை.

"வா, ஊட்டுக்குப் போய்ச் சாப்டலாம்" என்றேன்.

"இங்கயே துன்றேன்பா. வெளியதானே வலிக்குது. வெளியவே துன்னு பாக்கிறேன்."

பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாத்தியிருந்த ஒரு கடைப்படியில் உட்கார்ந்தோம். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். மற்ற நாளாக இருந்தால் நான் கூசிப்போயிருப்பேன். இலையைப் பிரித்தேன். நான் முதலில் ஒரு பிடி சாப்பிட்டுப் பார்த்தேன். கெடவில்லை. பிறகு அவள் பக்கம் நகர்த்தினேன். முதல் கவளத்தை ரொம்ப நேரம் மென்றாள். அப்புறம் இலையில் ஒட்டிய கடலையைக்கூட விடவில்லை. அவள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அம்மாவோடு அந்தப் பக்கம் போனார்கள். ஒருத்தி நின்று, "இன்னாடி, இப்பத்தான் துன்றியா?" என்று கேட்டாள்.

"ம். புளிச்சோறு. எங்கப்பா செஞ்சது."

மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கும் வரை நான் அடுப்புப் பக்கம் போகவில்லை. எழுந்தாள். வயிற்றைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அமுக்கிப் பார்த்தாள்.

"வலிக்கல" என்றாள். "மிஸ்ஸாண்ட நீ சொல்றியா?"

கடைக்குப் போகும் வழியில் பள்ளிக்கூட வாசலில் நின்று மிஸ் வரும் வரை காத்திருந்தேன். சொன்னேன். சாப்பிடாமல் இருந்ததையும் சொன்னேன், சாப்பிட்டபின் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"எனக்குத் தெரியலப்பா. சத்தமே இல்லாம உக்காந்திருந்தா. ஆனா அடுத்த டூர் இனிமே பரீட்சைக்கு அப்புறந்தான்."

"அப்ப அவள உங்க பக்கத்துல ஒக்கார வெச்சிக்கங்க மிஸ்" என்றேன். "டப்பாவ நீங்களே தொறந்து குடுங்க. நான் கட்டி அனுப்பறேன்."